உளுந்து ஒளிந்துகொண்டது ஏன்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஆறு வாரக் குட்டிப் பூனையின் எடை ஏறக்குறைய 600 கிராம். உங்கள் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் அந்தக் குட்டியைவிட 50 மடங்கு பெரியவர். இப்போது உங்களைவிட 50 மடங்கு எடையுள்ள ஒன்றைத் தேடுங்கள். 30 பெருக்கல் 50, 1,500 கிலோ. வளர்ந்துவரும் ஒரு யானை அந்த எடை இருக்கும்.

அம்மாவைக் காணவில்லை. மழையில் நனைந்திருக்கிறீர்கள். பசி வேறு. முன்பின் தெரியாத ஒரு வீட்டில், கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருக்கிறீர்கள். அப்போது ஒரு யானை மண்டிபோட்டுக் குனிகிறது. "பயப்படாதே செல்லம், வெளியே வா" என்று தன் மொழியில் பிளிறிக்கொண்டே தும்பிக்கையை உள்ளே நீட்டுகிறது. அந்த யானைக்கு உங்கள் மேல் கொள்ளைப் பிரியம்தான். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த குட்டிக்கும் இதே நிலைமைதான். கார்த்திகை மாத மழையில், மோட்டார் அறைக்குப் பின்னால், உடைந்த பூந்தொட்டிகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு அண்ணனும் தங்கையும் உடனே ஓடிப்போய் அதைத் தூக்கிவிடவில்லை. இரை தேடப் போன தாய்ப் பூனை திரும்பி வரும் என்று தூரத்திலிருந்தே காத்திருந்தார்கள். நல்ல பழக்கம். தாய் உயிரோடு இருந்தால், குட்டிக்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. ஆனால் மறுநாளும் தாய் வரவில்லை. குட்டியின் குரல் கம்மிப்போயிருந்தது. அப்பா அதை ஒரு துண்டில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். "ஆறு வாரம் இருக்கும். நோய் ஒன்றுமில்லை, பசிதான்" என்று சொல்லி, குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பினார் மருத்துவர்.

உடம்பு முழுக்கக் கறுப்பு. அதனால் உளுந்து என்று பேர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் உளுந்து ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கு அடியில் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் தங்கை என்னிடம் வந்தாள்.

"அத்தை, நாங்கதானே அதைக் காப்பாத்தினோம்? கூப்பிட்டா வரமாட்டேங்குது. கையை நீட்டினா ‘ஹ்ஸ்ஸ்’னு சீறுது. எங்களை அதுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு இல்லடா கண்ணு. நீ யாருன்னே அதுக்கு இன்னும் தெரியாதே!"

குட்டியிடம் அன்பு காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அன்பு குட்டிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அறிவியல். வாருங்கள், பார்ப்போம்.

சீறுவது கோபம் அல்ல

நம் மூளைக்குள் இரண்டு பக்கமும் அமிக்டலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. பூனைக்கும் இருக்கிறது. ஏதோ ஆபத்து என்று தோன்றியதும் முதலில் விழித்துக்கொள்ளும் பகுதிகளில் இது ஒன்று. இங்கிருந்து செய்தி கிளம்பியதும், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. தசைகளுக்கு அதிக ரத்தம் போகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிவிடுகிறது.

இதெல்லாம் உள்ளே நடப்பது. வெளியே தெரிவதைக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாலே படித்துவிடலாம். வெளிச்சத்தில் கோடு போலக் குறுகியிருக்க வேண்டிய கண்ணின் பாவை வட்டமாக விரிந்திருக்கும். காதுகள் பக்கவாட்டில் படிந்திருக்கும். சண்டை வந்தால் காது கிழியக் கூடாதே! முடி சிலிர்த்து நிற்கும். ஒவ்வொரு முடியின் வேரிலும் ஒரு குட்டித் தசை இருக்கிறது, அது இழுக்கும்போது முடி எழுந்து நிற்கிறது. நமக்கும் அதே தசை உண்டு. குளிரிலும் பயத்திலும் நம் தோல் புல்லரிப்பது அதனால்தான். நமக்கு முடி குறைவு, பூனைக்கு அதிகம். அதனால் 600 கிராம் குட்டிகூடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

சரி, சீறல்? அது ஓர் எச்சரிக்கை. "இதற்கு மேல் கிட்டே வராதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சண்டை போட விருப்பமில்லாத உயிர்தான் எச்சரிக்கும். சீறியதற்காகக் குட்டியைத் திட்டினாலோ தட்டினாலோ அது என்ன கற்றுக்கொள்ளும்? "நான் பயந்தது சரிதான், இவர்கள் ஆபத்தானவர்கள்" என்றுதான். சீறினால் ஒரு முழம் பின்னால் நகருங்கள். அதுவே நல்ல பதில்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயந்த குட்டி எப்போதும் ஓடும், சீறும் என்பதில்லை. சில நேரம் அப்படியே உறைந்துபோகும். அந்த நேரத்தில் தூக்கி மடியில் வைத்தால் அசையாமல் இருக்கும். "பாருங்க, சமர்த்தா உட்கார்ந்திருக்கு!" என்று நாம் மகிழ்ந்துபோவோம். ஆனால் தொட்டுப் பார்த்தால் உடம்பு விறைப்பாக இருக்கும், கண் விரிந்திருக்கும், கால்கள் வயிற்றுக்குள் மடங்கியிருக்கும். அது பழக்கம் அல்ல, பயத்தின் இன்னொரு முகம். நிம்மதியாக இருக்கும் குட்டியின் உடம்பு இளகியிருக்கும். காதுகள் சத்தம் வரும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும்.

ஒளிய ஓர் இடம்

"ஒளியவிட்டால் எப்படிப் பழகும்? வெளியே இழுத்தால்தானே பழகும்?" என்று கேட்டான் அண்ணன். நியாயமான கேள்விதான். இதை விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை எடுத்துக்கொண்டார்கள். 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள். மற்ற 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பூனையும் எவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் சீக்கிரமே தணிந்தது. 2014இல் இந்த முடிவுகள் வெளியாயின. வேண்டும்போது ஒளிந்துகொள்ளலாம் என்று தெரிந்தால்தான் பூனைக்கு வெளியே வந்து பார்க்கவும் தைரியம் வருகிறது.

ஆனால் கட்டிலடி நல்ல ஒளிவிடம் அல்ல. அங்கே சாப்பாடு வைக்க முடியாது. குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் நமக்குத் தெரியாது. அதனால் ஆளரவம் குறைந்த ஒரு சின்ன அறையை உளுந்துக்கு ஒதுக்கினோம். கட்டிலடியைப் பெட்டிகள் வைத்து அடைத்துவிட்டு, ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு, உள்ளே அம்மாவின் பழைய பருத்திப் புடவையை மடித்து வைத்தோம். ஒரு மூலையில் தண்ணீர், சாப்பாடு. எதிர் மூலையில் மணல் நிரப்பிய தட்டு. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் மலம் கழிக்கப் பூனைக்குப் பிடிக்காது.

அறை ஏன் அமைதியாக இருக்க வேண்டும்? நம் காதுக்கு எட்டுவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை. பூனையின் காதுக்கு 85,000 வரை எட்டும். சுவருக்குள் ஓடும் எலிக்குஞ்சின் கீச்சொலிகூடத் துல்லியமாகக் கேட்கும் காது அது. அந்தக் காதுக்குப் பக்கத்தில் மிக்ஸி ஓடினால், குக்கர் விசிலடித்தால், டி.வி. அலறினால் எப்படி இருக்கும்?

முதல் சில வாரங்கள்

பூனையும் மனிதனும் பழகத் தொடங்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகின்றன. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூட்டையும் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். இவ்வளவு பழைய உறவு இருந்தும், பூனைக்குட்டி ‘மனிதர் நல்லவர்’ என்ற பாடத்தைப் படித்துக்கொண்டு பிறப்பதில்லை. ஒவ்வொரு குட்டியும் அதைப் புதிதாகக் கற்க வேண்டும். அதற்கென்று ஒரு பருவமும் உண்டு.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், டெம்பிள் பல்கலைக்கழகத்தில், ஐலீன் கார்ஷ் என்ற விஞ்ஞானி 1980களில் இதை ஆராய்ந்தார். சில குட்டிகளை மூன்றாவது வாரத்திலிருந்தே தினமும் மனிதர்கள் எடுத்துக் கொஞ்சினார்கள். சிலவற்றை ஏழாவது வாரத்திலிருந்து. இன்னும் சிலவற்றை 14 வாரம் வரை கொஞ்சவே இல்லை. மூன்றாவது வாரத்தில் தொடங்கியவைதான் மனிதரிடம் விரைவாக வந்தன, மடியிலும் அதிக நேரம் இருந்தன. இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து, ஏறக்குறைய இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை உள்ள காலம்தான் குட்டி மனிதரோடு எளிதாகப் பழகும் பருவம் என்று தெரியவந்தது. அந்த வயதில் கண்ணும் காதும் அப்போதுதான் திறந்திருக்கும். எது நல்லது, எது ஆபத்து என்று மூளை பிரித்து எழுதிக்கொள்ளும் நேரம் அது.

எத்தனை பேர் கொஞ்சுகிறார்கள் என்பதும் முக்கியம். 1967இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆள் வளர்த்த குட்டிகளைவிட ஐந்து பேர் மாற்றி மாற்றிக் கொஞ்சிய குட்டிகள் புது ஆட்களைக் கண்டு குறைவாகப் பயந்தன.

பிறவிக் குணமும் உண்டு. 1995இல் சாண்ட்ரா மெக்யூன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். தகப்பன் பூனை மனிதரோடு பழகும் குணமுள்ளதாக இருந்தால், அதன் குட்டிகளும் துணிச்சலாக இருந்தன. தகப்பன் பூனை குட்டிகளை வளர்ப்பதே இல்லை. அப்படியானால் அந்தத் துணிச்சல் மரபணு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே மாதிரி வளர்த்தாலும் ஒரு குட்டி உடனே ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று மாதக்கணக்கில் தயங்கும். தயங்கும் குட்டியிடம் குறை ஒன்றுமில்லை. அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

உளுந்து வந்தபோது பழகும் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. ஏழு வாரம் தாண்டிய குட்டிகளும் பழகும். ஆனால் நம்மிடம் இன்னும் அதிகப் பொறுமை வேண்டும்.

பீட்டரும் முயலும்

பயத்தைப் போக்குவது எப்படி? நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கப் பெண்மணி இதற்கு அழகான விடை கண்டுபிடித்தார். அவர் பெயர் மேரி கவர் ஜோன்ஸ். அவரிடம் வந்தது பூனைக்குட்டி அல்ல, மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குட்டிப் பையன். ஆய்வுக் கட்டுரையில் அவனைப் பீட்டர் என்று குறிப்பிடுகிறார். பீட்டருக்கு முயல் என்றால் பயம். பஞ்சைக் கண்டாலும், முடி வைத்த கோட்டைக் கண்டாலும் பயம்.

ஜோன்ஸ் அவனை அதட்டவில்லை. முயலை அவன் மடியில் தூக்கிப் போடவும் இல்லை. பீட்டரை உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். அவன் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலை அவன் சாப்பாட்டை நிறுத்தாத தூரத்தில் வைத்தார். பிறகு அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முயலைக் கண்டு பயப்படாத மற்ற குழந்தைகள் அதோடு விளையாடுவதையும் பீட்டர் பார்த்தான். கடைசியில் முயல் தன் விரலை மெல்லக் கொறிக்க அவனே விட்டான். இது 1924இல் வெளியானது. மனிதர்களின் அச்சத்தைப் போக்க இன்றும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைகளுக்கு இது ஒரு முன்னோடி.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பயமூட்டும் பொருள் முதலில் தூரத்தில் இருக்க வேண்டும். அது வரும்போதெல்லாம் ஒரு நல்லதும் கூடவே வர வேண்டும். பயப்படுகிறவர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. நம் கதையில் உளுந்துதான் பீட்டர். முயல் யார்? நாம்தான்!

கிண்ணம் நகர்ந்த கதை

முதலில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிண்ணம் நிறையச் சாப்பாட்டை நாள் முழுக்க வைத்துவிட்டுப் போனால், உளுந்துக்குச் சாப்பாடு வேறு, நாம் வேறு. அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, அண்ணனோ தங்கையோ கையால் கொண்டுபோய் வைத்தார்கள். குட்டியைப் பட்டினி போடக் கூடாது. வளரும் குட்டிக்கு அது ஆபத்து. சாப்பாடும் நாமும் சேர்ந்தே வருகிறோம் என்று அதற்குப் புரிந்தால் போதும்.

உப்பு, மசாலா போடாமல் வேகவைத்து உதிர்த்த கோழி இறைச்சி, முள் எடுத்த மீன், கடையில் விற்கும் குட்டிப் பூனை உணவு, இவையெல்லாம் ஆறு வாரக் குட்டி சாப்பிடும். பசும்பால் வேண்டாம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகிவிடும். நான்கு வாரத்துக்கும் சின்னக் குட்டியாக இருந்தால், மருத்துவர் சொல்லும் பூனைக்குட்டிப் பால்மாவுதான் தர வேண்டும்.

முதல் நாட்களில் கிண்ணம் பெட்டி வாசலிலேயே இருந்தது. தங்கை அறையின் மறுகோடியில், தரையில் உட்கார்ந்தாள். நின்றால் நாம் யானை. உட்கார்ந்தால் பாதி யானை! குட்டிக்கு நேராக முகம் காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். கையில் சமூக அறிவியல் புத்தகம். சோழர் பாடத்தை மெதுவான குரலில் வாய்விட்டுப் படித்தாள். பரீட்சைக்கும் ஆயிற்று, உளுந்துக்கும் ஆயிற்று.

குரலைக் கேட்பதால் பயன் உண்டா? டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அட்சுகோ சைட்டோவும் அவருடைய கூட்டாளியும் 20 பூனைகளுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். முதலில் அந்நியர்களின் குரல்கள், பிறகு வளர்ப்பவரின் குரல். வளர்ப்பவரின் குரல் வந்ததும் பூனைகள் காதையும் தலையையும் அசைத்துக் கவனித்தன. பூனை நம் குரலை அடையாளம் காண்கிறது என்று 2013இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

மணமும் அப்படித்தான். தங்கை போட்டுக் கழற்றிய, துவைக்காத சட்டை ஒன்றை அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அறையில் இல்லாத நேரத்திலும் அவள் மணம் அங்கே இருந்தது. இரவில் உளுந்து அந்தச் சட்டையின் மேல் படுத்துத் தூங்கியது காலையில் தெரிந்தது. சட்டை முழுக்கக் கறுப்பு முடி!

அடுத்தது கண். பூனைகளின் உலகத்தில் வெறித்துப் பார்ப்பது மிரட்டல். மெல்ல இமைப்பது? இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். கண்களைச் சற்றே சுருக்கி, மெதுவாக மூடித் திறந்தால் பூனைகளும் அதேபோல் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்லின. முன்பின் தெரியாத ஆள் அப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டியபோது, சும்மா நீட்டியதைவிடப் பூனைகள் அதிகம் நெருங்கி வந்தன. செய்வது சுலபம். தூக்கம் வருவது போலக் கண்களைப் பாதி மூடுங்கள். மெல்ல முழுதும் மூடுங்கள். மெல்லத் திறங்கள். பிறகு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

உளுந்து தயங்காமல் சாப்பிட்ட பிறகுதான் கிண்ணம் ஒரு சாண் நகரும். சாப்பிடாமல் பின்வாங்கினால் கிண்ணம் பழைய இடத்துக்கே போய்விடும். அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னிக்கு ரெண்டு சாண் நகர்த்தலாம் அத்தை. நல்லாத்தானே சாப்பிடுது?"

"அதை உளுந்துகிட்டதான் கேக்கணும். சாப்பிடும்போது அதோட காதைப் பாரு."

ஒரு காது தங்கையின் பக்கம் திரும்பியிருந்தது. பின்னங்கால்கள் ஓடத் தயாராக நீண்டிருந்தன. அண்ணன் பார்த்தான். கிண்ணம் ஒரு சாண்தான் நகர்ந்தது.

ஒருநாள் சாயங்காலம் கிண்ணம் தங்கையின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. உளுந்து அடி அடியாக வந்தது. வால் நுனி மட்டும் லேசாக வளைந்து, மற்றதெல்லாம் நேராக மேலே நின்றது. சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது தங்கை ஆள்காட்டி விரலைத் தாழ்வாக, உளுந்தின் மூக்கு உயரத்தில், ஓர் அரைச் சாண் தள்ளி நீட்டி அப்படியே வைத்திருந்தாள். தூரத்தைக் கடப்பது உளுந்தின் வேலை. மூக்கு வந்து விரல் நுனியைத் தொட்டது. ஈரமும் சில்லிப்புமாக ஒரு தொடுகை. அடுத்த நொடி தலையைத் திருப்பி, வாயோரத்திலிருந்து கன்னம் வரை விரலில் ஒரு தேய்ப்பு!

அந்தத் தேய்ப்பில் ஒரு வேதியியல் இருக்கிறது. பூனையின் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உண்டு. பழகிய, பாதுகாப்பான பொருள்களின் மேல் பூனை தன் மணத்தைப் பூசிவைக்கும். நிமிர்ந்த வாலும் நட்புக் குறிதான். தாயைப் பார்த்த குட்டி வாலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், பூனை வடிவில் வெட்டிய உருவங்களைப் பூனைகளுக்குக் காட்டினார்கள். வால் நிமிர்ந்த உருவத்தைப் பார்த்த பூனைகள், தங்கள் வாலையும் நிமிர்த்திக்கொண்டு நெருங்கின.

எங்கே தொடலாம், எப்போது நிறுத்தலாம்?

கன்னம், தாடை, காதுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள இடம், இவற்றைத் தடவினால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வால் தொடங்கும் இடம் பல பூனைகளுக்குப் பிடிக்காது. வயிறு வேண்டவே வேண்டாம். முக்கியமான உறுப்புகள் இருக்கும் இடத்தைப் பூனை காத்துக்கொள்ளும். தலைக்கு மேலிருந்து கையை இறக்காதீர்கள். பருந்து இறங்குவதும் மேலிருந்துதான். பிடரியைப் பிடித்துத் தூக்குவது தாய்ப்பூனையின் வேலை, நமக்கு வேண்டாம்.

மூன்று தடவை தடவுங்கள். நிறுத்துங்கள். கையை மெல்ல எடுத்துவிட்டுப் பாருங்கள். குட்டி தலையால் முட்டி மறுபடி கேட்டால் தொடரலாம். வாலை இப்படியும் அப்படியும் அடித்தால், தோல் துடித்தால், காது படிந்தால், கையை வெடுக்கென்று திரும்பிப் பார்த்தால் இன்றைக்கு இது போதும் என்று பொருள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் டர்னர் என்ற விஞ்ஞானி வீடுகளில் பூனைகளையும் மனிதர்களையும் நீண்ட காலம் கவனித்தவர். நாம் தேடிப் போய்த் தொடங்கும் கொஞ்சல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, பூனை தானாக வந்து தொடங்கினால் அதிக நேரம் நீடிக்கிறது என்பது அவர் கண்டது. நெருங்கும் உரிமையைக் குட்டியிடமே விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அந்த வரியை வையுங்கள்.

விளையாட்டும் உதவும். ஒரு நீளக் குச்சியின் நுனியில் பழைய துணிக் கிழிசலைக் கட்டி ஆட்டினால், உங்களிடமிருந்து தள்ளி நின்றே குட்டி உங்களோடு விளையாடும். முடிந்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருப்பதால், நூலோ ரப்பர் பேண்டோ வாய்க்குள் போனால் துப்புவது கடினம். விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். வெறும் விரலைக் காட்டி விளையாடாதீர்கள். விரல் என்றால் கடிக்கும் பொருள் என்று குட்டி கற்றுக்கொண்டுவிடும்.

இதைக் கட்டாயம் படியுங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயந்த குட்டி பிராண்டலாம், கடிக்கலாம். அப்படி நடந்தால் மறைக்கவே கூடாது. "குட்டியைத் துரத்திவிடுவார்களோ" என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு. வெறிநோய் என்னும் ரேபிஸ் நாயிடமிருந்து மட்டுமல்ல, பூனையிடமிருந்தும் வரலாம். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அறிகுறி வருவதற்கு முன்பே முறைப்படி ஊசி போட்டுக்கொண்டால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

கடியோ கீறலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே பெரியவர்களோடு மருத்துவமனைக்குப் போங்கள். லூயி பாஸ்டர் உருவாக்கிய ரேபிஸ் தடுப்பூசி முதன்முதலில் மனிதருக்குப் போடப்பட்டது 1885இல். அவர் பெயரில் நம் நீலகிரியில், குன்னூரில், 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் அந்த நோய்க்கு எதிராக நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துவருகிறது. குட்டிக்கும் மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். மற்றத் தடுப்பூசிகளின் தேதிகளை மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தெருவில் புதிய குட்டியைப் பார்த்தால் நீங்களாகத் தூக்காதீர்கள். வீட்டுப் பெரியவரை அழைத்து வாருங்கள். குட்டிக்கு உடம்பு சுடுகிறதே என்று நம் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் இயல்பான வெப்பமே நம்மைவிட அதிகம், 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த மாத்திரையில் உள்ள பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரைகூட அதன் உயிரைப் பறித்துவிடலாம்.

நீங்களும் விஞ்ஞானி ஆகலாம்

உங்கள் வீட்டிலோ, பாட்டி வீட்டிலோ, தெருவிலோ ஒரு பூனை இருக்கிறதா? பழகியதோ பழகாததோ, எதுவானாலும் சரி. ஒரு நோட்டு எடுத்து, ஒரு பக்கத்தில் ஐந்து பத்திகள் பிரியுங்கள். முதல் பத்தியில் தேதியும் நேரமும். இரண்டாவதில், நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பூனை உங்களுக்கு எத்தனை சாண் தூரம் வரை வந்தது என்று எழுதுங்கள். மூன்றாவதில் காதும் கண்ணும், நான்காவதில் வால், ஐந்தாவதில் அந்த நேரத்தில் வீட்டில் என்ன சத்தம், யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். தெருப் பூனையைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதினால் போதும், தொட வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. ஒரு வாரம் பூனையை நேராகப் பார்த்தபடி உட்காருங்கள். அடுத்த வாரம் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சாப்பாடாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாற்றாமல் வைத்தால்தான் எதனால் வித்தியாசம் வந்தது என்று சொல்ல முடியும். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே விதிதான். இரண்டு வாரத்தின் தூரங்களையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள்.

சில நாள் கோடு கீழே இறங்கும், சில நாள் மேலே ஏறும். பட்டாசு வெடித்த அன்று, விருந்தாளி வந்த அன்று எல்லாம் பழையபடி தூரம் கூடிவிடும். அதை அழித்துவிட்டு நல்ல நாளை மட்டும் எழுதாதீர்கள். பூனை பயந்த நாளும் உங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது. எது அதைப் பயமுறுத்தியது என்று கண்டுபிடித்துவிட்டால், நாளை அதை நீங்கள் நீக்கிவிடலாம்.